அரசுப் பள்ளியில் என் பையனுக்கு ஒரு வருஷம்

2025 ஜூன் 2-ம் தேதி பள்ளி திறந்தது. என் பையன் நான்காம் வகுப்புக்குப் போயிருக்கிறான். சென்னை ஓட்டேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளி. போன வருஷம் ஜூன் 10-ல் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் அங்கே சேர்த்தேன். அதற்கு முன்னால் எல்.கே.ஜி.யிலிருந்தே தனியார் பள்ளி. இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் பிளவுஸ் தைக்க வருகிறவர்களில் எத்தனையோ பேர், "எப்படி இருக்கு, தைரியமா சேர்க்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

மாற்றியதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. ஃபீஸ் வருஷத்துக்கு 32,000 ரூபாய், புத்தகமும் வேனும் தனி. கஷ்டப்பட்டாலும் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் பையனோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். 29சி வந்தது. "எங்க போற பஸ்னு போட்டிருக்கு, படி பார்க்கலாம்" என்றேன். பெசன்ட் நகர் என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறவன் 'பெ' என்ற எழுத்திலேயே நின்றுவிட்டான். இங்கிலீஷாவது வருமா என்று எதிரே இருந்த மருந்துக்கடைப் பலகையைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னானே தவிர, சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டிலோ ரைம்ஸ் முழுக்க ஒப்பிப்பான். நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக முத்து முத்தாக எழுதியிருப்பான். எல்லாம் பார்த்து எழுதியது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாமியாருக்கு வருத்தம். "பணக் கஷ்டம்னா சொல்லும்மா, என் வளையலை வெச்சுத் தர்றேன், புள்ளைய மாத்தாத" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கப் போன அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரும் கூட வந்தார்.

டி.சி., பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் சேர்க்கை முடிந்தது. அப்புறம்தான் எனக்குப் பிடித்த விஷயம் நடந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு படத்தைக் காட்டிப் பேச வைத்தார். பிறகு சில எழுத்துகள், இரண்டெழுத்துச் சொற்கள், சின்னக் கூட்டல் கணக்கு. பத்து நிமிஷம்தான். முடித்துவிட்டு என்னிடம், "நல்லாப் பேசுறான்மா. எழுத்துதான் இன்னும் பிடிபடல. அரும்புல ஆரம்பிக்கலாம்" என்றார். நான்கு வருஷம் ஃபீஸ் கட்டிய இடத்தில் என் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

அரும்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு திட்டம், 2022-ல் ஆரம்பித்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பை ஈடுகட்டக் கொண்டுவந்தார்கள். ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். பயிற்சி நூலும் அதற்கேற்ப இருக்கிறது. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றுக்கும் இதே முறைதான். எழுத்து தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை அப்படியே கொட்டுவதில்லை. படம், அட்டை, பாட்டு, ஆட்டம் என்று போகும். முதல் மாதம் எனக்கே சந்தேகம்தான். "டீச்சர் இன்னைக்கு என்னடா நடத்தினாங்க?" என்று கேட்டால் "விளையாடினோம்மா" என்பான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஆர்டர் குவிந்து கிடந்தது. எங்கள் தொழிலில் பிளவுஸ் அளவை பழைய நியூஸ் பேப்பரில் வெட்டி ஆணியில் மாட்டி வைப்போம். முன்பக்கம், முதுகு, கை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு. நான் மிஷினில் இருந்தேன். பையன் தரையில் உட்கார்ந்து ஆணியில் தொங்கிய ஒரு கைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "வா... னி..." என்று நிறுத்தி, பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, மீதி எங்க?" என்றான். வானிலை என்ற தலைப்பின் நடுவில் என் கத்தரி போயிருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டேன். வெட்டி மிச்சமான பேப்பர் குவியலைக் கிளறி 'லை' இருந்த துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் வைத்து ஒட்டிப் படித்தான். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு பிளவுஸ் மறுநாள்தான் கொடுத்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது மொட்டு முடித்து மலருக்குப் போய்விட்டான். இப்போது பஸ் பலகை எல்லாம் அவனுக்குச் சாதாரணம்.

துணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு செட் சீருடை, தவணை தவணையாகத் தருகிறார்கள். முதல் செட் வந்ததும் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நூல் பிரியாமல் ஓரத்தில் ஓவர்லாக் ஓடியிருக்கிறது, பட்டன் துளையைச் சுற்றிய காஜா அடர்த்தியாக இருக்கிறது. கட்டம் போட்ட துணியில் பாக்கெட் வைக்கும்போது உடம்புக் கட்டமும் பாக்கெட் கட்டமும் ஒரே கோட்டில் சேர வேண்டும். அவசரத்துக்குத் தைக்கிறவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். இதில் சேர்ந்திருந்தது. மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களில் இருக்கும் பெண்கள்தான் இதைத் தைக்கிறார்கள். வெட்டின துணியை வாங்கிப்போய் வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பாக்கெட்டைத் தைத்த கைக்காரி யாரோ, நன்றாக இருக்கட்டும். குறை என்றால் அளவுதான். என் பையன் ஒல்லி, தோள் இறங்கி நின்றது. தோளில் ஒரு பிடி பிடித்து, கால்சட்டை நீளத்தை உள்ளே மடித்து அடித்தேன். இந்த வருஷம் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் இதே வேலையைக் காசு வாங்காமல் செய்து கொடுத்தேன்.

புத்தகம், நோட்டு, பை, காலணி, கலர் பென்சில் எல்லாம் பள்ளியிலேயே கிடைக்கிறது. முன்பெல்லாம் மே மாதக் கடைசியில் பாரிமுனைக்குப் போய் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெருக் கூட்டத்தில் இடிபட்டு நோட்டு வாங்கி வருவோம். இந்த முறை பிரவுன் அட்டை, லேபிள், ஒரு தண்ணீர் பாட்டில். 210 ரூபாயில் முடிந்தது.

சாப்பாடு. இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி உண்டு. பொதுச் சமையல்கூடத்தில் சமைத்து வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். அதனால் ஒரு புதன்கிழமை போய்ச் சாப்பிட்டே பார்த்தேன். வெண்பொங்கல், காய்கறி சாம்பார். பாத்திரத்தைத் திறந்ததும் ஆவி வந்தது. மிளகும் சீரகமும் தெரிந்தது, நெய்க்கு வீட்டுப் பொங்கலை நினைக்கக்கூடாது. சாம்பாரில் பூசணிக்காயும் கேரட்டும் கரைந்துபோகாமல் துண்டாகவே இருந்தன. உப்பு சரி. பிள்ளைகளுக்கென்று காரம் குறைவு. பையன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். வீட்டில் காலையில் அரை இட்லிக்கு அரை மணி நேரம் கெஞ்ச வைத்தவன் அவன். மதியம் கலவை சாதம், ஐந்து நாளும் முட்டை.

அன்றைக்குத் தலைமை ஆசிரியை பக்கத்தில் நின்று ஒன்று சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது முதலில் ஆரம்பித்தது நம்ம மெட்ராஸில்தானாம். 1920-ல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு கூடாது என்று தீர்மானம் போட்டு நடத்தியிருக்கிறார்கள். காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் எனக்குத் தெரியும். இது தெரியாது. காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. நூறு வருஷத்துக்கு முன் ஓர் அணாவுக்குக் கணக்குப் பார்த்தாலும் பிள்ளைக்குச் சோறு போட்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்து பேசினார்களே, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இனி குறைகள். மறைக்க மாட்டேன்.

கழிப்பறை. காலையில் சுத்தமாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் தண்ணீர் நின்றுவிடுகிறது. பெண் பிள்ளைகள் பக்கம் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. இப்போது 'வாட்டர் பெல்' வேறு வந்திருக்கிறது. 11 மணி, 1 மணி, 3 மணிக்கு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. முன்பு காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவான், இப்போது காலியாக வருகிறது. ஆனால் தண்ணீர் குடித்த பிள்ளை கழிப்பறைக்குப் போகாமல் இருக்குமா? குழுக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். குழுத் தலைவரும் எங்களைப் போல ஒரு பிள்ளையின் அம்மாதான், உடனே தீர்மானமாக எழுதினார். இரண்டு வாரத்தில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. தண்ணீர் இன்னும் சரியாகவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

இரண்டாவது, ஆசிரியர். போன வருஷம் ஒரு டீச்சர் நீண்ட விடுப்பில் போனபோது மூன்று வாரத்துக்கும் மேல் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்தார்கள். ஒரே டீச்சர் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தார். அந்த நாட்களில் பையன் பெரிதாக ஒன்றும் கற்கவில்லை. மூன்றாவது, இங்கிலீஷ். படிக்க வந்துவிட்டது, பேச வரவில்லை. அதற்கு இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துத்தான் ஐந்துக்கு நான்கு போடுகிறேன். முக்கால் மார்க் தண்ணீர்க் குழாய்க்காகவே குறைத்தது.

பள்ளி திறந்த அன்று பார்த்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ப்ரேயரில் தலைமை ஆசிரியை பழைய மாணவர்களைப் பற்றிப் பேசினார். என் அக்கா மகள் இதே பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். பிறகு அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. மே 8-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மாநிலம் முழுக்க 95.03 சதவீதம் தேர்ச்சி. இவள் 600-க்கு 541. பி.காம். சேர்ந்திருக்கிறாள், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பெண் குழந்தை வர மாட்டேன் என்று அவள் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அக்கா மகள் இறங்கிப் போய் அதன் முன்னால் மண்டி போட்டு, புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினாள். குழந்தை முந்தானையை விட்டது. என் மாமியார் என் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சேர்க்க நினைக்கிறவர்கள் காலை எட்டரைக்குப் போங்கள். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னென்ன இலவசம் என்று கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளை எந்த அளவுக்குப் படிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்று கேளுங்கள். சீருடை தோளில் இறங்கினால் என்னிடம் கொண்டுவாருங்கள், பிடித்துத் தருகிறேன்.