ஹொண்டா ஃபிட் ஜிபி1: பின்வரிசை பிளக்கும் மலையகத்து மழையும்

ஜிபி1 ஃபிட் ஹைபிரிட்டுக்கு எத்தனை ஸ்பார்க் பிளக் என்று கேட்டால் நாலு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எட்டு. 1,339 சிசி எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம், ஒரு வரிசை முன்னுக்கு, மற்றது வைப்பருக்கு அடியில், எஞ்சினையும் ஆட்கள் இருக்கும் இடத்தையும் பிரிக்கிற ஃபயர்வோல் பக்கம். முன் நாலையும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பின் நாலைத் தொட வைப்பர் கையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் முன்வரிசை பளபளவென்றும் பின்வரிசை ஜப்பானில் பூட்டியபடியும் ஓடுகிற வண்டிகளைப் பார்க்கிறோம். கராஜில் மாற்றக் கொடுத்தால் பழைய எட்டையும் கையில் கேட்டு வாங்குங்கள். வைப்பர் நட்டில் சொக்கெட் பட்ட தடமே இல்லையென்றால், பில்லில் என்ன எழுதியிருந்தாலும் பின்வரிசை கழற்றப்படவில்லை.

இரிடியம் பிளக் 100,000 கிலோமீட்டர் ஓடும் என்பது பொதுக் கணக்கு. ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு இந்தக் கணக்கு முன்வரிசையில்தான் பலிக்கும். பின்வரிசையை அதற்கு முன்பே தண்ணீர் முடித்துவிடும். டர்பன்டைன் இலையும் சவுக்குச் சருகும் கவுலுக்குள், அதாவது முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடிக்குள், விழுந்து ஊறி, தண்ணீர் போகும் துளையை அடைக்கும். கண்ணாடியில் வழிகிற மழை அங்கே தேங்கி, உக்கிப்போன ஸ்பொஞ்ச் பட்டி வழியாகக் கசிந்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் மேல் நேரே சொட்டும். பிளக் குழியில் நிற்கிற தண்ணீர் பிளக்கின் இரும்பு உடம்பைத் துருப்பிடிக்க வைக்கும், கொயிலின் ரப்பர் வழியே ஸ்பார்க் வெளியே பாயவும் வழி செய்யும்.

இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு சிலிண்டரில் பின் பிளக் செத்தாலும் முன் பிளக் எரித்துக்கொண்டுதான் இருக்கும். செக் எஞ்சின் லைட் வராமலே மாதக்கணக்கில் போகலாம். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரே அளவாக மிதித்துக்கொண்டு போகும்போது ஒரு மெல்லிய உதறல் தெரியும், அவ்வளவுதான். இதைக் கியர்பொக்ஸ் கோளாறு என்று நினைத்து ஒயில் மாற்றுகிறவர்கள் நிறைய. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் உதறினால் கியர்பொக்ஸைச் சந்தேகியுங்கள். ஓட்டத்தில், சுமை ஏறும்போது உதறினால் முதலில் பிளக்கைப் பாருங்கள். ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர். முன்னா பின்னா என்பதை அது சொல்லாது.

வேலைக்கு முழுப் பகல் ஒன்றை ஒதுக்குங்கள், மூடுபனி இறங்க முன் முடிகிற மாதிரி. கவுலைத் திறந்துபோட்டுவிட்டு மழையில் மாட்டிக்கொண்டால் நாலு குழியும் நிரம்பிவிடும், படங்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை உரிந்து வரும். 12 வோல்ட் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். செம்மஞ்சள் வயர் ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்த வயர், அதில் எதையும் தொடத் தேவையில்லை, தொடவும் கூடாது.

வைப்பர் நிற்கிற இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். ஈரத்தில் கிடந்த கை சுலபத்தில் வராது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, பத்து நிமிடம் விட்டு, கையை மேலும் கீழும் அசைத்தால் கழன்று வரும். ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பினால் கண்ணாடிதான் போகும். கவுலின் பிளாஸ்டிக் கிளிப்கள் இந்த வயதில் கட்டாயம் உடையும், பத்து கிளிப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அதற்கு அடியில் வைப்பர் மோட்டாரும் தகரத் தட்டும் இருக்கின்றன. போல்ட்களை எந்த இடத்தில் கழற்றினீர்களோ அந்த ஒழுங்கிலேயே ஒரு அட்டையில் குத்தி வைத்தால் பூட்டும்போது தடுமாற்றமில்லை.

கொயில் சொக்கெட்டின் பூட்டு சூட்டில் காய்ந்து முறுகிப்போயிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கி முன்னும் பின்னும் அசையுங்கள். ஒவ்வொரு கொயிலிலும் இலக்கம் எழுதி ஒட்டுங்கள். கொயில் வந்தவுடன் டோர்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். தண்ணீரோ துருத்தூளோ இருந்தால் பிளக்கை உடனே கழற்றாதீர்கள், எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சி, கம்பியில் சுற்றிய துணியால் துடைத்து, பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, காற்றடித்து, பிறகு முழுதாக எடுங்கள். இறுகிக் கிடந்தால் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுங்கள். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் பாதி பிளக் உள்ளேயே நின்றுவிடும்.

புதிய பிளக்கை ரெஞ்சோடு இறக்கவே வேண்டாம். 8 மில்லிமீட்டர் பெற்றோல் ஹோஸ் ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, பிளக்கின் தலையில் செருகி, விரலால் சுற்றுங்கள். முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால் மரையின் நுனி சந்திக்கிற இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றுங்கள். மரை மாறி ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுற்றுமே தவிர ஹெட்டை வெட்டாது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல ஆயுதம் எந்தக் கடையிலும் இல்லை.

கடைசி இறுக்கம் டோர்க் ரெஞ்சில் 18 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் பூச வேண்டாம். வழுக்கும் மரையில் அதே 18 அளவுக்கு மிஞ்சி இறுகும். சிலிக்கன் கிரீஸ் கொயிலின் ரப்பர் வாய்க்குள் மட்டும், ஒரு பயறளவு. பிளக் இடைவெளி 1.3 மில்லிமீட்டர். அளந்து பார்ப்பதானால் கம்பி அளவுகோலால் பாருங்கள், நாணய வடிவக் கேஜைச் செருகி நெம்பினால் இரிடியம் நுனி பிளந்துவிடும். போலிகளும் சந்தையில் உண்டு. நடு நுனி தடிப்பாகவோ மையம் விலகியோ இருந்தால், வொஷர் தானாகக் கழன்று விழுந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கியிருந்தாலும் சரி, உங்கள் டவுனில் வாங்கியிருந்தாலும் சரி, திருப்பிக் கொடுங்கள். மேட்டு நிலம், குளிர் என்று சொல்லி ஹீட் ரேஞ்சை (பிளக் சூட்டை வெளியேற்றும் அளவை) மாற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

மூடுவதற்கு முன் கவுலுக்குள் கிடக்கும் இலைமக்கை வழித்து அள்ளுங்கள், இரண்டு கை நிறைய வந்தாலும் ஆச்சரியமில்லை. துளைகளில் கம்பி விட்டுக் குத்துங்கள். பழைய ஸ்பொஞ்ச் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். பிளக்கை மாற்றிவிட்டு இதை விட்டால் அடுத்த தென்மேற்குப் பருவத்தோடு அதே குழியில் அதே தண்ணீர் நிற்கும். கவுலைப் பூட்டியதும், வைப்பர் கையை மாட்டுவதற்கு முன்பே, கண்ணாடி மேல் இரண்டு லீட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பொனட்டுக்கு அடியில் ஒருவர் டோர்ச்சோடு பார்க்கட்டும். சக்கரத்துப் பக்கம் தண்ணீர் ஓடி விழ வேண்டும், கொயில் பக்கம் ஒரு சொட்டும் வரக்கூடாது. வந்தால் பட்டி சரியாக ஒட்டவில்லை, திரும்பக் கழற்றத்தான் வேண்டும். வைப்பர் கை இன்னும் வெளியில் இருப்பதால் அது பத்து நிமிட வேலை.