ஊசித் துளைக்கு எத்தனை எம்எம்? ஹேமாக்குக்கு வாங்கிய ஃப்ளைஷீட்

ஹேமாக் என்பது மரத்துக்கு மரம் கட்டும் தொங்கு படுக்கை, அதற்கு மேல் மழைக்குக் கூரையாகக் கட்டும் துணிதான் ஃப்ளைஷீட். முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். துணிக்குப் பத்துக்கு ஒன்பது, தையலுக்கு ஏழு, கூடவே கொடுக்கும் கயிறுக்கும் ஆணிக்கும் சேர்த்து இரண்டு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசிய பாலியஸ்டர், ஆலிவ் பச்சை, விலை 245 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கம்பெனி பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதே துணியை வேறு வேறு முத்திரை ஒட்டித் தொங்கவிட்டிருந்ததை நானே பார்த்தேன். அளவையும் துணியையும் பார்த்து வாங்குங்கள், பெயர் எதுவாக இருந்தால் என்ன.

கோலாலம்பூர் செந்தூலில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பள்ளிச் சீருடை, தீபாவளி நெருங்கினால் மூச்சுவிட நேரமில்லாத அளவுக்குப் பஞ்சாபி சூட். தம்பியும் அவன் மனைவியும் காடு மேடு சுற்றுகிறவர்கள். அவர்களோடு ஒட்டிக்கொண்டு உலு லங்காட் காட்டுப் பக்கம் போகப் போக எனக்கும் ஹேமாக் பழகிவிட்டது. நாள் முழுக்க மிஷின் முன் குனிந்து உட்காருகிற இடுப்புக்குத் தரைப் படுக்கை ஆகாது.

கடையில் இருந்த பையன் முதலில் எடுத்துக் காட்டியது வேறொன்று. 3-க்கு 3, பாதி விலை. அட்டையில் பெரிய எழுத்தில் 3000 எம்எம் என்று போட்டிருந்தது.

"அக்கா, மூவாயிரம் எம்எம். எப்பேர்ப்பட்ட மழையும் உள்ளே வராது."

"துணிக்கு மூவாயிரம் சரி. ஊசி போன இடத்துக்கு எத்தனை எம்எம் தம்பி?"

பையன் சிரித்துவிட்டு இன்னும் நாலு பையை எடுத்து மேசையில் வைத்தான். நல்ல பையன்.

அந்த எம்எம் கணக்கு ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரம் நின்ற பிறகு மறுபக்கம் துளி கசிகிறதோ அதுதான் அந்த எண். தலைக்கு மேல் சரிவாகக் கட்டும் துணிக்கு 1500 இருந்தாலே தாராளம். விழுந்த மழை நிற்காமல் ஓடிவிடும். நம் ஊர் மழையில் ஹேமாக்கில் நனைகிறவர்கள் மேலிருந்து ஒழுகி நனைவது அபூர்வம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாரல் அடித்து நனைகிறார்கள், தரையில் மோதித் தெறிக்கும் சேற்றில் நனைகிறார்கள், ஹேமாக்கை மரத்தோடு கட்டும் நாடாப் பட்டை வழியாக ஊர்ந்து வரும் தண்ணீரில் நனைகிறார்கள். 3000 என்றாலும் 5000 என்றாலும் இந்த மூன்றுக்கும் அது மருந்தில்லை. மருந்து அளவில் இருக்கிறது.

என் ஹேமாக் 11 அடி, அதாவது ஏறக்குறைய 3.3 மீட்டர். பட்டை தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருக்கும்படி கட்டினால் துணி தொய்ந்து, இரண்டு முனைக்கும் நடுவே 2.8 மீட்டர்தான் வரும். இதற்கு மேல் 3 மீட்டர் துணியைக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 10 சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. 4 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 60. இந்த அறுபதை உள்ளே மடக்கிக் கட்டினால் இரண்டு முனைக்கும் கதவு கிடைத்துவிடும். 3-க்கு 3 துணியைக் கோணல்வாட்டில் கட்டுகிறவர்களும் உண்டு. மூலைக்கு மூலை 4.2 மீட்டர் வருகிறது, நீளத்துக்குக் குறையில்லை. ஆனால் முனைக்குப் போகப் போகத் துணி கூம்பிவிடும். ஹேமாக்கில் நேராகப் படுக்காமல் சற்றுக் கோணலாகப் படுத்தால்தான் முதுகு சமமாக இருக்கும். அப்படிப் படுக்கும்போது தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் விலகிப் போகிறது, சரியாகத் துணி கூம்புகிற இடத்தில். கோணத்தை அதற்கேற்பத் திருப்பிக் கட்டத் தெரிந்தவர்கள் சமாளிப்பார்கள். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து அவசரமாகக் கட்டுகிற எங்கள் கூட்டத்துக்கு அது சரிப்படாது.

இனித் தையல். 60 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணி இரண்டை நீளவாக்கில் ஒட்டித்தான் 3 மீட்டர் அகலம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் நம் தலைக்கு நேர் மேலே முழு நீளத்துக்கும் ஒரு தையல் ஓடுகிறது, இறுக்கிக் கட்டும்போது அதிகமாக இழுபடுவதும் அதே தையல். வாங்கும் முன் அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து விரித்து, கடை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஊசித் துளைகள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டும். இதில் ஜீன்ஸ் பேன்ட் காலுக்குப் போடுகிற மாதிரி ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள், புள்ளிகள் சிறிதாக, ஒரே சீராக இருந்தன. பாதி விலைத் துணியில் ஒற்றைத் தையல், அதன் மேல் டேப்.

டேப் ஒட்டியிருப்பதே நல்லதுதானே என்று தம்பி கேட்டான். டேப் ஒட்டுகிறது என்றால் உள்பக்கம் பூச்சு பாலியுரேத்தேன் என்று அர்த்தம், சிலிக்கன் மேல் அந்த டேப் பிடிக்காது. பாலியுரேத்தேனுக்கு நம் ஊர்ப் புழுக்கம் எதிரி. ஈரத்தோடு மடித்து வைத்தால் ஈரமும் சூடும் சேர்ந்து பூச்சை மெல்ல மெல்ல உடைத்துவிடும். அவனுடைய பழைய கூடாரம் மைவி காடியின் (காரின்) பின்னால் கிடந்து கிடந்து, விரித்தபோது கையெல்லாம் பிசுபிசு, வண்டி முழுக்கப் புளித்த நாற்றம். அதற்கு மேல் அவன் விவாதம் பண்ணவில்லை.

சிலிக்கன் துணிக்குத் தையலை நாமேதான் அடைக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் மீன் தொட்டி ஒட்டும் தெளிந்த சிலிக்கன் ஒரு டியூப், கொஞ்சம் மினரல் டர்பன்டைன். இரண்டையும் கலக்கி மோர் பதத்துக்கு வந்ததும் பழைய பிரஷால் தையல் மேல் இரண்டு பக்கமும் தடவி ஒரு நாள் காயவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வாடை தலையைப் பிடிக்கும். அந்தத் தையலில் இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

நைலானா பாலியஸ்டரா என்று கேட்பவர்களுக்கு: நைலான் இழை தண்ணீரைக் குடித்து நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய துணி நடுராத்திரி மழையில் தொங்கிப்போய் ஹேமாக்கைத் தொடும், எழுந்து போய் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அந்த அளவுக்கு நீளாது. எனக்குத் தூக்கம் முக்கியம்.

உண்மையான பரீட்சை உலு லங்காட்டின் நுவாங் மலையடியில், கெம் லோலோ என்ற முகாமில் நடந்தது. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ராத்திரி மலாக்கா நீரிணையில் திரண்டு விடியற்காலையில் வந்து மோதும் அந்தச் சுமத்ரா காற்று. சாயங்கால மழை நேராகக் கொட்டும், இது படுக்கைவாட்டில் வரும். இலைகள் மொத்தமாக இரையத் தொடங்கியதும் எழுந்து இரண்டு முனையையும் மடக்கிக் கட்டினேன். உள்ளே டார்ச் அடித்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாகப் பட்டையின் அடிப்பக்கம் வந்தது. ஃப்ளைஷீட்டுக்கு உள்ளே, ஹேமாக் முடிச்சுக்கு ஒரு சாண் முன்னால் நான் கட்டியிருந்த பருத்தித் துணிக் கீற்றை எட்டியதும் நின்று, கனத்து, கீற்றின் நுனி வழியாகச் சொட்டத் தொடங்கியது. முடிச்சு காய்ந்தே இருந்தது. கீற்று பருத்தியாக இருக்கட்டும், ரவிக்கை லைனிங் வெட்டிய மிச்சமே போதும். அந்த மழையில் எனக்கு நனைந்தது வெளியே விட்டிருந்த செருப்பு மட்டும்.

காற்றுக்குத் தாங்காதது நடுப்பக்கக் காதுகள், அதாவது கயிறு மாட்டும் வளையங்கள். நாலு மூலையிலும் உச்சி முனைகளிலும் உள்ளே இன்னொரு துணி வைத்து, பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்கிறார்கள், யானை இழுத்தாலும் வராது. பக்கவாட்டின் நடுவில் இருக்கும் காதுகளை வெறும் ஓரப் பட்டியில் பிடித்துவிட்டதோடு சரி. காலையில் பார்த்தால் ஊசித் துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. கடைக்கு அழைத்தேன். "காற்றுக்கெல்லாம் வாரண்டி இல்லை அக்கா." வேறு யாரோ பேசினார், அந்தப் பையன் இல்லை. சிலிக்கன் துணித் துண்டு ஒன்றை அதே மீன்தொட்டி சிலிக்கனால் ஒட்டிவிட்டேன். அங்கே மறுபடி ஊசி ஏற்றாதீர்கள், கிழிசலுக்கு நீங்களே வழி போட்டுக் கொடுப்பது போலாகும்.

கயிறு மெல்லியது, வழுக்கல். நனைந்தால் பிளாஸ்டிக் பூட்டில் நிற்காமல் நழுவுகிறது. போதாததற்குக் கறுப்பு நிறம். தம்பி மனைவி ராத்திரி தடுக்கி விழப் பார்த்த பிறகு கயிறுதோறும் வெள்ளைப் பாவாடை நாடா கட்டிவைத்தேன். ஆணி வேரில் பட்டால் வளைகிறது. இரண்டையும் வந்தவுடனே மாற்றிவிடுங்கள், இன்னொரு 30 வெள்ளி ஆகும்.

மோட்டாரையோ காடியையோ பக்கத்திலேயே நிறுத்திக் கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு செலவே வேண்டாம். ஹார்ட்வேர் கடை நீலக் கேன்வஸ் (தார்ப்பாய்) போதும், கனமும் சத்தமும் பொறுத்துக்கொண்டால். அதன் உலோகக் கண்களில் கட்டாமல், ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்து முறுக்கி அதைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், பிய்ந்து வராது.

கட்டும் இடம் ஃப்ளைஷீட் கடைக்காரர் சொல்லித் தரும் விஷயமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆற்றங்கரை அழகாகத்தான் இருக்கும். மலையில் மழை பெய்தால் கெப்பாலா ஆயிர், அதாவது திடீர் ஆற்று வெள்ளம், வரும்போது உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி கூட விழுந்திருக்காது. சரிவுக்கு அடியிலும் வேண்டாம். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் நடுராத்திரி மண் சரிந்து 31 பேர் போனார்கள். பட்ட மரத்தில் கட்டக் கூடாது, பட்ட கிளைக்கு அடியிலும் கூடாது. ஈரம் ஊறிய கிளைதான் முதலில் விழும்.

தம்பி மனைவிக்கும் இதே அளவில் ஒன்று வேண்டுமாம். ஆலிவ் தீர்ந்துவிட்டது, ஆரஞ்சு மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆரஞ்சையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நடுப்பக்கக் காதுகளுக்குத் துண்டுத்துணியைக் கிளம்புவதற்கு முன்பே ஒட்டிக்கொடுத்துவிடுவேன்.