வால் சக்கரமா, மூக்குச் சக்கரமா? ஊட்டிப் புல்லில் ஆறு வருடம்

ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் ஆறு வருடமாக இரண்டு ரிமோட் விமானங்களைப் பறக்கவிடுகிறேன். ஒன்று பைப்பர் கப் மாடல். முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இன்னொன்று செஸ்னா மாடல். மூன்றாவது சக்கரம் மூக்குக்கு அடியில்.

பழகுகிறவர்கள் மூக்குச் சக்கரம்தான் வாங்க வேண்டும் என்பார்கள். தார்த் தரைக்கு அது சரி. செஸ்னாவின் ஈர்ப்பு மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும். கப்பில் அது சக்கரங்களுக்குப் பின்னால். வால் ஒரு பக்கம் விலகினால் மேலும் விலகத்தான் பார்க்கும். ரட்டரில் (வாலில் நிமிர்ந்து நிற்கும், மூக்கை இடம் வலம் திருப்பும் தட்டு) உடனே பிடிக்காவிட்டால் விமானம் அப்படியே சுழன்றுவிடும். ஆள் ஏறும் விமானங்களிலும் இதே கதைதான், அதற்கு கிரவுண்ட் லூப் என்று பெயர்.

முதல் வருடம் என் கப் சுழன்றதற்குக் கணக்கே இல்லை. ஆனால் போனது என்ன? இறக்கை நுனியில் கீறல், வளைந்த சக்கரக் கம்பி. குறட்டால் அங்கேயே நிமிர்த்தி அடுத்த பேட்டரியைப் போட்டிருக்கிறேன். சக்கரங்களை இரண்டு டிகிரி உள்நோக்கித் திருப்பிய பிறகு சுழல்வதும் குறைந்தது. இறங்கியதும் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) இயக்கும் ரிமோட் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிட்டால் மட்டும் மூக்குக் குப்புற விழும். "மாமா, குச்சியை விடாதீங்க!" என்று அக்கா மகன் கத்துவது அதற்குத்தான்.

செஸ்னாவுக்கு மொத்தம் மூன்றே விபத்து. மூன்றும் பெரியவை. இங்கே கிக்குயு புல் மெத்தைபோல அடர்ந்து கிடக்கும், சின்ன மூக்குச் சக்கரம் அதில் புதைந்துவிடும். வேகமாக, மூக்கு தாழ இறங்கினால் அந்தச் சக்கரம்தான் முதலில் தரையைத் தொடும். உடனே துள்ளும். பதறிப்போய் எலிவேட்டர் குச்சியை முன்னால் தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது. கடைசி விபத்தில் மூன்றாவது துள்ளலில் மூக்குக் கால் பின்னால் மடங்கி, மோட்டார் நிற்கும் ப்ளைவுட் பலகையையே பிய்த்துக்கொண்டு வந்தது. ப்ரொபெல்லர் முறிந்தது, சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோவின் பல்லும் போனது. பாகங்கள் வந்து சேர இரண்டு வாரம்.

உயரத்தையும் சொல்ல வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே விமானம் இங்கே ஏறக்குறைய 12 சதவீதம் வேகமாகத்தான் தரையைத் தொடும். அந்த வேகத்தின் ஆற்றல் கால் பங்கு கூடிவிடுகிறது. சமவெளியில் தாங்குகிற மூக்குக் கால் இங்கே மடங்குவதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் செஸ்னாவுக்குப் பெரிய மூக்குச் சக்கரம் மாட்டி, காலை நைலான் திருகில் பொருத்தினேன். அடி பட்டால் திருகு உடையும், பலகை தப்பிக்கும். தார் ஓடுதளம் கிடைக்கிற நாளில் அதைச் சமவெளிக்கு எடுத்துப்போகிறேன். மலைப் புல்லுக்கு வாங்குவதாக இருந்தால் தயங்காமல் கப் வாங்குங்கள்.