த்ரெட் இன்டெலிஜென்ஸ்: நான்கு வருடப் பயன்பாட்டில் தங்கியதும் கழித்ததும்

2020 டிசம்பரில், சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் அப்டேட்டில் ஹேக்கர்கள் கள்ள நிரலைப் புகுத்தியிருந்த விவகாரம் வெடித்த அன்று நிர்வாகம் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த மென்பொருள் நம்மிடம் இருக்கிறதா?" இல்லை என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. அந்தக் கூச்சத்தில்தான் த்ரெட் இன்டெலிஜென்ஸுக்கு, அதாவது யார் எப்படித் தாக்குகிறார்கள் என்ற தகவலைத் திரட்டும் வேலைக்கு, பணம் ஒதுக்கினார்கள். அப்போது நான் கண்காணிப்புக் குழுவில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே குழுவை நடத்துகிறேன்.

முதல் வருடம் முழுக்கப் பேராசை. கட்டண ஃபீட் ஒன்று வாங்கினோம்; ஆபத்தான முகவரிகள், கோப்புகளின் பட்டியல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் யுஆர்எல்ஹவுஸ், ஃபியோடோ டிராக்கர் இரண்டையும் இணைத்தோம். எல்லாவற்றையும் கொட்டிவைக்க மிஸ்ப் நிறுவினோம். 2011இல் பெல்ஜிய ராணுவத்தின் தேவைக்காகப் பிறந்த மென்பொருள் அது. இப்போது லக்சம்பர்க்கின் சர்க்கிள் அமைப்பு அதை வளர்த்துவருகிறது. காசு கேட்காது, ஆனால் கட்டி மேய்க்க ஆள் வேண்டும். லட்சக்கணக்கில் ஐபி, டொமைன், ஹாஷ் (கோப்பின் டிஜிட்டல் கைரேகை) என்று குவிந்ததைத் திரையில் பார்க்கவே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை காலையில் போயிற்று. "சார், சம்பள போர்ட்டல் திறக்கவே மாட்டேங்குது" என்று முதல் அழைப்பு. பத்து நிமிடத்தில் டிக்கெட்டுகள் வரிசைகட்டின. ஃபயர்வால் லாகைத் திறந்தால், தடுக்கப்பட்டவை எல்லாம் ஒரே ஐபி. பல தளங்களின் பக்கங்களைத் தன் சர்வர்களிலிருந்து பரிமாறும் ஏதோ ஒரு சிடிஎன் நிறுவனத்தின் முகவரி. அதன் பின்னால் எத்தனையோ தளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் ஏழு மாதத்துக்கு முன் மால்வேர் இருந்திருக்கிறது. ஃபீட் அதை எந்த விளக்கமும் இல்லாமல் அனுப்ப, நாங்கள் போட்டுவைத்த ஸ்கிரிப்ட் கேள்வி கேட்காமல் ப்ளாக் செய்துவிட்டது. பொதுவான, தீங்கற்ற முகவரிகளை அடையாளம் காட்டும் வார்னிங் லிஸ்ட் வசதி மிஸ்ப்பிலேயே உண்டு. நாங்கள்தான் அதை இயக்கவில்லை.

அதன்பிறகு ஐபிக்கு 30 நாள்தான் ஆயுள் என்று விதி வைத்தோம். தானியங்கித் தடுப்பும் ஓரிரு நம்பகமான ஃபீடுகளுக்கு மட்டும்.

அப்புறம்தான், எந்தத் தடயத்தைத் தடுத்தால் ஹேக்கருக்கு எவ்வளவு வலிக்கும் என்று காட்ட பாதுகாப்பு நிபுணர் டேவிட் பியாங்கோ 2013இல் வரைந்த 'வலி பிரமிடு' உண்மையில் புரிந்தது. ஹாஷை மாற்ற ஹேக்கருக்கு ஒரு நொடி போதும், ஐபியை மாற்றச் சில நிமிடங்கள். வேலை செய்யும் பாணியை மாற்றுவதுதான் அவனுக்கு வலி. நாங்களோ அடித்தட்டுக் கற்களையே பொறுக்கிக்கொண்டிருந்தோம். தாக்குதல் முறைகளைத் தொகுத்துவைத்திருக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலை எடுத்துவைத்து, எங்கள் துறையைத் தாக்குபவர்கள் அடிக்கடி கையாளும் முறைகளுக்கு மட்டும் விதிகள் எழுத ஆரம்பித்தோம். உதாரணமாக, வேர்ட் கோப்பு திறந்தவுடன் அதிலிருந்து பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) ஓடினால் அலர்ட். எந்த ஐபிக்குப் பேசினாலும் இந்த விதி பிடிக்கும்.

பைசா செலவில்லாமல் அதிகம் உதவியது எது என்று கேட்டால், அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து வெளியிடும் கெவ் பட்டியல் என்பேன். உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்டுவரும் ஓட்டைகள் மட்டுமே அதில் ஏறும். முன்பெல்லாம் ஸ்கேனர் சிவப்பாகக் காட்டும் ஆயிரக்கணக்கான வரிகளைத் தூக்கி, ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் குழுவிடம் கொடுப்போம். அவர்கள் முகம் கொடுத்தே பேசமாட்டார்கள். இப்போது கெவ்வில் இருக்கிறதா, இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்று இரண்டே கேள்வி. சண்டை பாதியாகக் குறைந்தது.

ஆனாலும் பேட்ச் போட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தோம். 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் ப்ளீட் வந்தது, சிட்ரிக்ஸின் நெட்ஸ்கேலர் சாதனங்களில் இருந்த ஓட்டை, எண் சிவிஇ-2023-4966. பத்தாம் தேதி பேட்ச் வெளியாக, நாங்களும் வேகமாகப் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டோம். அடுத்த வாரம் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட்டின் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன: ஆகஸ்ட் கடைசியிலிருந்தே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; திருடப்பட்ட செஷன், அதாவது ஒருவர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் இணைப்பு, பேட்ச் போட்ட பிறகும் உயிரோடு இருக்கும். டிக்கெட்டை மறுபடி திறந்தோம். எல்லா செஷன்களையும் அறுத்தோம், ஆகஸ்ட் வரை லாகைப் பின்னோக்கிப் படித்தோம். அரை நாள் எல்லோரும் திட்டினார்கள். லாகில் ஒன்றும் சிக்கவில்லை. நல்லவேளை, அந்த அறிக்கையைப் படிக்க யாரோ ஒருவருக்கு நேரம் இருந்தது.

கட்டண சேவையைப் பற்றி என் கருத்து கலவைதான். பளபளப்பான மாத அறிக்கைகளில் உளவுக் குழுக்களின் பெயர்கள் நிறைந்திருக்கும். ஒரே குழுவை ஒரு நிறுவனம் ஏபிடி29 என்கிறது, இன்னொன்று கோஸி பேர், மைக்ரோசாஃப்ட் மிட்நைட் ப்ளிஸார்ட். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் கதைதான். புதுப்பிக்கும் சமயத்தில், அந்த வருட அறிக்கைகளைப் படித்து நாங்கள் எதையாவது மாற்றியது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தோம். எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஃபீடை நிறுத்திவிட்டோம்.

எங்கள் கடவுச்சொற்கள் வெளியே கசிந்திருக்கின்றனவா என்று பார்க்கும் கசிவுக் கண்காணிப்பை மட்டும் விடவில்லை. ஊழியர் ஒருவரின் சொந்தக் கணினியில் புகுந்த இன்ஃபோஸ்டீலர், பிரவுசரில் சேமித்திருந்த அலுவலகக் கடவுச்சொல்லை அள்ளிப்போயிருந்தது. கூடவே, உள்நுழைந்த செஷனை நினைவில் வைத்திருக்கும் குக்கீயும். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, செஷனையும் ரத்து செய்ய வேண்டும் என்று சிட்ரிக்ஸ் ப்ளீட் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்ததால் தப்பித்தோம்.

இப்போது காலையில் ஒருவர் இரண்டு மணி நேரம் படிக்கிறார், அவ்வளவுதான். என்ன தேட வேண்டும் என்று ஐந்து கேள்விகள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துவோம். வரும் தகவலை எங்கள் சொத்துப் பட்டியலோடு, அதாவது எங்களிடம் உள்ள கணினிகள், மென்பொருள்களின் பட்டியலோடு, ஒப்பிடுவதுதான் பெரிய வேலை. அந்தப் பட்டியலை முதல் வருடமே சரிசெய்திருக்க வேண்டும். ஃபீட் வாங்கும் உற்சாகத்தில் விட்டுவிட்டோம்.

போன தடவை "நம்மிடம் இருக்கிறதா?" என்று மேலிருந்து கேள்வி வந்தபோது ஒரு மணி நேரத்தில் பதில் சொன்னோம். அதிலும் பாதி நேரம், பட்டியலில் உரிமையாளர் பெயரே இல்லாத ஒரு பழைய சர்வர் யாருடையது என்று ஆளாளுக்கு ஃபோன் போட்டுக் கேட்டதில் போயிற்று.