ஆர்தர் சி. கிளார்க்: 18 ஆண்டு வாசிப்பில் ஒட்டியதும் ஒட்டாததும்

ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளார்க்கின் நாவல்களை 18 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். பிடிக்கும் என்று ஒரே சொல்லில் முடித்துவிட இன்னும் மனம் வரவில்லை.

முதலில் படித்தது 1973இல் வெளியான 'ராந்தேவூ வித் ராமா'. ராமா என்பது சூரியக் குடும்பத்துக்குள் நுழையும், வேற்றுலகத்தார் கட்டிய 50 கிலோமீட்டர் நீள உருளை. அச்சுப் பகுதியில் உள்ள வாயில் வழியாக நுழைகிறவர்கள் கும்மிருட்டில் ஏணியைப் பிடித்து இறங்குகிறார்கள். அச்சில் எடையே இல்லை. உருளை சுழல்வதால், இறங்க இறங்க உடல் கனக்கிறது. ஏணி முடிந்து படிக்கட்டு வருகிறது. பாடப்புத்தகம் படித்துப் புரியாத விசையை அந்தப் பக்கங்களில் என் முழங்கால்களே உணர்ந்தன. பிறகு விளக்குகள் எரிகின்றன. தலைக்கு மேலேயும் நிலம். உருளையை வளையமாகச் சுற்றிக் கிடக்கும் கடல். இன்றும் அந்த இடத்தை நிதானமாகத்தான் கடப்பேன்.

ஆனால் அதை ஆராயப் போகும் விண்கப்பலின் தலைவர் நார்ட்டன்? பூமியில் ஒரு மனைவி, செவ்வாயில் ஒரு மனைவி. அப்படியிருந்தும் அவர் மனத்துக்குள் நம்மை விடுவதேயில்லை. அதே நாவலில் ஜிம்மி பாக் மிதித்து ஓட்டும் வானூர்தியில் அந்தக் கடலைத் தாண்டுகிறான். அவன் பயம் நம்மையும் பற்றிக்கொள்கிறது. எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது: கையில் ஒரு வேலை இருந்தால்தான் கிளார்க்கின் மனிதர்களுக்கு உயிர் வரும். வீட்டுக்குள் வந்தால் மரப்பாச்சிகள்.

ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து எழுதிய தொடர்ச்சிகளில் 1989இல் வந்த முதல் நாவலோடு நின்றுவிட்டேன். ராமாவின் புதிரை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1953இல் வந்த 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலோடுதான் தீராத வழக்கு. குழந்தைகள் வேறொன்றாக மாறிப் பெற்றோரின் கைவிட்டுப் போகும் கதை. தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு மேலே, யாரும் தொடாமல் கிலுகிலுப்பை காற்றில் நின்று ஒலிக்கிறது. தாய் அதைப் பார்க்கிறாள். கல்லூரி நாட்களில் அது எனக்கு வியப்பாக மட்டுமே இருந்தது. தகப்பனான பிறகு படித்தபோது கை நடுங்கியது. அந்தத் தாய்க்கு இன்னும் பத்துப் பக்கமாவது கொடுத்திருக்க வேண்டாமா? கிளார்க்கின் பார்வை உடனே விண்மீன்களுக்குப் போய்விடுகிறது. இதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் பொறியாளர் மார்கன். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், அந்தத் தீவைக் கதைக்காக நிலநடுக்கோட்டுக்கே நகர்த்தி, சிவனொளிபாத மலையை வேறு பெயரில் கொண்டுவருகிறார். நடுப்பகுதி அலுப்பூட்டும், ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பகுதியில், மேலே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஆக்சிஜன் கொண்டுசெல்ல மார்கன் தன்னந்தனியே ஏறுகிறார். அவர் ஏறும் ஊர்தியின் தீர்ந்துபோன பேட்டரி கழன்று விழ மறுக்கிறது. அவர் அதோடு போராடுகிறார்; உடலில் பொருத்திய கருவி, இதயம் தாங்காது என்று எச்சரிக்கிறது. வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்குகிறார், உயிரோடு தரையைத் தொடுவதில்லை. கிளார்க்கைப் படித்து நான் அழுதது அந்த ஒரு முறைதான்.