பிளாஸ்டிக் மணியா, பாசிமணியா, கற்பூரக் காயா? மூன்றையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன்

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே எங்கள் குன்னூர் வீட்டில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். என் மகளுக்கு ஒன்பது வயது, அண்ணன் மகனுக்கு ஐந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு. மதியமே மூடுபனி இறங்கிவிட்டால் வெளியே விட முடியாது. அதனால் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட மணி கோப்பது வழக்கமாகிவிட்டது. மரம் என்றால் கடை மரம் இல்லை, மண் நிரப்பிய வாளியில் செருகிய சைப்ரஸ் கிளை.

முதலில் பெரிய பிளாஸ்டிக் மணி. ஒன்பது மில்லிமீட்டர் அகலம், துளை மட்டுமே நான்கு மில்லிமீட்டர் இருக்கும். இதை நூலில் கோக்கக் கொடுத்தால் ஐந்து வயதுக்காரன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான். ஒரு முனையில் போட்டது மறுமுனை வழியாக ஓடிவிடும். பைப் கிளீனரில் கோக்கக் கொடுத்தால் கதையே வேறு. கம்பியைச் சுற்றியுள்ள பஞ்சு மணியைப் பிடித்துக்கொள்ளும், குலுக்கினாலும் விழாது. 30 செ.மீ. நீளமுள்ள ஒன்றை மூன்று சம துண்டாக வெட்டி, நடுவில் ஒன்றாகச் சேர்த்து முறுக்கினால் ஆறு கை நட்சத்திரம். கைக்கு ஏழு மணி, மொத்தம் 42. முனையில் மிஞ்சும் கம்பியைக் கடைசி மணிமேல் மடித்துவிட வேண்டும், இல்லையென்றால் குத்தும். வேலையை ஆரம்பித்த பிள்ளையே முடிக்கும் என்பதுதான் இதன் பெருமை.

எனக்குப் பிடிக்காதது அதன் நிறம். பஞ்சுமிட்டாய்க் கடை மாதிரி இருக்கும். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் சுற்றுலா வண்டிகளை நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைக்கிற மாவட்டத்தில், பை நிறையப் பிளாஸ்டிக் மணி வாங்கி வருவதும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஒரே சமாதானம், நட்சத்திரத்தைப் பிரித்து அடுத்த வருடமும் அதே மணிகளைக் கோக்கலாம்.

கண்ணாடிப் பாசிமணி அழகில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இரவில் சீரியல் பல்பு வெளிச்சம் பட்டால் அவ்வளவு நன்றாக இருக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நம்பர் கூடக் கூட மணி சிறுத்துக்கொண்டே போகும். 11ஆம் நம்பர் மணி இரண்டு மில்லிமீட்டர்தான், அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 18 பிடிக்கும். எட்டு அங்குலம் கோக்க 140க்கு மேல் வேண்டும். ஒன்பது வயதுப் பொறுமைக்கு அது அதிகம். 6ஆம் நம்பர் வாங்கினால் அங்குலத்துக்குப் பத்து போதும். நூலும் வேண்டாம், தூண்டில் நரம்பும் வேண்டாம். நரம்பில் போடும் முடிச்சு நழுவிக்கொண்டே இருக்கும். 28 கேஜ் செம்புக் கம்பிதான் சரி. ஊசி தேவையில்லை, வளைத்த வடிவம் அப்படியே நிற்கும்.

கோக்கும்போது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் கதையையும் சொல்வேன். கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சூடாக்கி முனை மழுங்க வைத்து அங்கே மணி செய்தார்கள். ஆளுக்கொரு மணியை எடுத்துக் கண்ணருகே வைத்துத் துளை வழியாகப் பார்ப்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் இரண்டு குறை. கண்ணாடி கனம், ஐந்தாறு தொங்கவிட்டாலே சைப்ரஸ் நுனி தலை குனிந்துவிடும். இன்னொன்று, சிந்தினால் அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பழைய பலகைத் தரை. போன வருடம் கிண்ணம் கவிழ்ந்து போன மணிகள் பலகை இடுக்கில்தான் இன்னும் இருக்கின்றன. இப்போது தாம்பாளத்தில் பழைய துண்டு விரித்து அதன்மேல்தான் வேலை.

மூன்றாவது, பொறுக்கி எடுப்பது. இங்கே இதற்குப் பஞ்சமே இல்லை. கற்பூர மரத்தடியில், அதாவது யூகலிப்டஸ் மரத்தடியில், காய்கள் கொட்டிக் கிடக்கும். பம்பரம் மாதிரி உருவம், சாம்பல் பூத்த நிறம், தலையில் நான்கைந்து கீறல். காசு செலவில்லை, மணியாக இல்லாமல் பொருளாகவே அழகு. ஆனால் உலர்ந்த காய் கல் மாதிரி. துளையிடுவது பெரியவர் வேலை, கைத்துரப்பணம் வேண்டும். ஓடையோரப் புல்லில் விளையும் நெற்பவளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நடுக்காம்பை உருவினால் துளை தானாகவே வந்துவிடும்.

குன்றிமணி மட்டும் கூடவே கூடாது. போன வருடம் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த உறவுக்காரப் பாட்டி ஆசையாக ஒரு டப்பா கொண்டுவந்தார். “நாங்கள்லாம் பல்லாங்குழி ஆடினதே இதுலதானே” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. முழு விதையின் தோல் கெட்டியாக இருப்பதால் விஷம் உள்ளேயே அடங்கியிருக்கும். துளையிட்டால் தோல் உடைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் அப்ரின் மிகக் கொடிய நஞ்சு. டப்பாவைச் சாமி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். கறுப்புக் கண் இல்லாமல் முழுச் சிவப்பாக இருப்பது ஆனைக்குன்றிமணி, மஞ்சாடி மரத்து விதை. அது வேறு, ஒட்டி விளையாடலாம்.

இன்னொரு தொல்லை ஈரம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை என்பதால் டிசம்பரில்கூட எதுவும் சுலபமாகக் காயாது. பொறுக்கியதை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு வாரமாவது பரப்பி வைக்காமல் கோத்தால் பூசணம் பூத்துவிடும்.

ஆகவே என் பங்கீடு இப்படி: ஐந்து வயதுக்குப் பைப் கிளீனர், ஒன்பதுக்குச் செம்புக் கம்பியும் 6ஆம் நம்பர் பாசியும், பன்னிரண்டுக்கு அவள் இஷ்டம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீடு என்றால் மூன்றுமே வேண்டாம், வாய்க்குள் போய்விடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணியை எந்த வயதுக்கும் வாங்காதீர்கள்.

பெரியவள் இந்த முறை எல்லாவற்றையும் கலந்துவிட்டாள். நான் துளையிட்டுக் கொடுத்த கற்பூரக் காயை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் பாசி கோத்து, ஒரு டஜன் தொங்கவிட்டாள். சின்னவன் கிட்டப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

“அத்தை, மரத்துக்குச் சளி பிடிச்சிருக்கா? தைலம் தேய்ச்ச வாசம் வருது.”