முதியோர் இல்லத்துக்கு நன்கொடை: மாதாமாதம் ஆட்டோபேயா, ஒரு நாள் சாப்பாடா?

ஒரு சின்ன முதியோர் இல்லத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கிறேன், இரண்டு வழியிலும் நன்கொடை வாங்குகிறோம். ஒன்று, மாதம் ஐந்நூறோ ஆயிரமோ தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே. இன்னொன்று, பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா அம்மா திதி என்று வருடத்தில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்பது. நான் இரண்டாவதன் பக்கம்.

ஆட்டோபேயின் வசதி தெரிந்ததுதான், சமையல்காரம்மா சம்பளம், கரன்ட் பில் எல்லாம் அதை நம்பி ஓடும். நாள் சாப்பாட்டில் அது நடக்காது. ஆடி அமாவாசைக்கு நாலு பேர் போட்டி போடுவார்கள், அடுத்த செவ்வாய்க்கு ஆள் இருக்காது.

ஆனால் ஆட்டோபேயில் ஒவ்வொரு முறையும் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நியாயமான விதிதான், ஆனால் நம்மைப் பற்றி நன்கொடை தருபவருக்கு அடிக்கடி போகும் செய்தியே 'நாளை 500 ரூபாய் பிடிக்கப்படும்' என்பதாகிவிடுகிறது. கார்டு காலாவதியானால் சத்தமில்லாமல் நின்றுபோகும். அப்போது போன் செய்தால் எதற்கென்று இருவருக்கும் தெரியும், பேச்சு ஒட்டாது.

திதிக்குக் கூப்பிடுவது வேறு. "சார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மாவோட திதி வருது" என்றால் எதிர்முனையில் ஒரு நொடி பேச்சே வராது, அப்புறம் அவராகவே அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். சரி, இதில் வேலை எங்கே என்றால் நோட்டில்தான். ஆங்கிலத் தேதி பார்ப்பவர்களால் தொல்லை இல்லை, திதி பார்ப்பவர்களுக்கு நாள் வருடா வருடம் நகரும். அதனால் 'ஆவணி, தேய்பிறை, சப்தமி' என்று மூன்றையும் எழுதி வைத்து, சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் தேதி குறிக்க வேண்டும். தப்பான நாளில் கூப்பிடுவதற்குக் கூப்பிடாமலே இருக்கலாம். பத்து நாள் முன்பு போன், அன்று கரும்பலகையில் அம்மா பெயர், பலகையும் பந்தியும் தெரிகிற மாதிரி வாட்ஸப்பில் ஒரு போட்டோ. (சாப்பிடுகிறவர்கள் முகத்தை நெருக்கி எடுக்க வேண்டாம்.) பெரியவர்கள் கவரில் பணம் கொண்டுவருவார்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இளவட்டங்கள் விஷயத்தில் அடித்துச் சொல்ல மாட்டேன், எங்கள் நோட்டில் அவர்கள் குறைவு. போனை எடுக்கவே யோசிக்கிறவர்களுக்கு ஆட்டோபேதான் சரியோ என்னவோ. இப்போதெல்லாம் ஆட்டோபேயில் சேருகிறவர்களிடமும் வீட்டு விசேஷ நாள் ஒன்றைக் கேட்டு நோட்டில் ஏற்றிவிடுகிறேன்.